மூன்றாவது வாரத்தில் வந்த சிவப்பு: இமையில் ரத்தநாளக் கட்டியுள்ள குழந்தையின் அம்மாவுக்கு

வந்த கடிதம்

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரிலிருந்து 27 வயது அம்மா ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய முதல் குழந்தை, பெண், 35 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். பிறந்தபோது எடை 2 கிலோ. வலது மேல் இமையில் கொஞ்சம் வெளிறிய ஒரு திட்டு மட்டும் அப்போது இருந்தது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் அந்த இடத்தில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. இப்போது குழந்தைக்கு 12 வாரம், எடை 4.3 கிலோ. புள்ளிகள் ஒன்றுசேர்ந்து, கோவைப்பழத்தைப் பாதியாக நறுக்கி ஒட்டியதுபோல இமையில் புடைத்து நிற்கின்றன. முதுகிலும் சின்னதாக ஒன்று இருக்கிறது.

முதலில் பார்த்த மருத்துவர், "தானாகவே போய்விடும், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றார். அதை நம்பி ஒன்றரை மாதம் காத்திருந்தார்கள். கட்டி வளர்ந்துகொண்டே போனதால் தோல் மருத்துவரிடம் போனார்கள். அவர் இன்ஃபன்டைல் ஹெமாஞ்சியோமா (கைக்குழந்தைகளுக்கு வரும் ரத்தநாளக் கட்டி) என்று சொல்லி, ப்ரோப்ரனலால் மருந்து எழுதி, தொடங்கும்போது இரண்டு நாள் அட்மிட் ஆகச் சொன்னார். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்தவர், "இது பிரஷர் மாத்திரையாச்சே, பச்சக் குழந்தைக்கா?" என்று கேட்க, வாங்காமலே திரும்பிவிட்டார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் என்கிறார் மாமியார். அக்கி, காவி எழுதினால் போகும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பயோடெக்னாலஜி படிக்கும் கொழுந்தனார் எங்கோ ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, "இதில் மரபணு வெளிப்பாடு மாறியிருக்கும் அண்ணி, ஜீன் டெஸ்ட் எடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை "யார் வீட்டு ஜீன்?" என்ற சண்டையில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. "ஸ்கேன் ரிப்போர்ட்டில் ட்யூமர் என்று போட்டிருக்கிறது. இது புற்றுநோயா? என்னிடமிருந்து போனதா? அடுத்த குழந்தைக்கும் வருமா? மருந்து கொடுப்பதா, காத்திருப்பதா?" என்று கேட்டு, 3, 7, 12-ஆம் வாரங்களில் எடுத்த மூன்று படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். குழந்தையை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் இறுதி முடிவு உங்கள் மருத்துவருடையது. ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களையும் விவரத்தையும் வைத்துப் பார்த்தால், இரண்டாவது மருத்துவர் சொன்னதுதான் சரியான வழி. இந்த வாரமே அவரிடம் திரும்பிப் போங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதற்கு உங்கள் மூன்றாவது படமே பதில். குழந்தை நேராகப் பார்க்கிறாள். ஃபோனின் வெளிச்சம் இடது கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. வலது கண்ணில் அந்தப் புள்ளியே இல்லை, இமை அதற்கு மேல் இறங்கியிருக்கிறது. வலது புருவத்தை மட்டும் அவள் லேசாகத் தூக்கியிருப்பதையும் பாருங்கள். பார்ப்பதற்காக அவள் இமையை ஏற்ற முயல்கிறாள். ஏழாவது வாரப் படத்தில் இது இல்லை.

பிறந்த முதல் சில மாதங்களில்தான் மூளை பார்க்கப் பழகுகிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான காட்சி போகாவிட்டால், மூளை அந்தக் கண்ணை நம்புவதை விட்டுவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான். இமை கண்மணியை மூடாமல் இருந்தாலும்கூட, கட்டியின் கனம் கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றி, பார்வையை மங்கலாக்கும் சிலிண்டர் பவரை உண்டாக்கிவிடலாம். ஹெமாஞ்சியோமா எங்கே வந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட முடியாத இடங்கள் சில உண்டு. மேல் இமை அவற்றில் முதன்மையானது.

முதல் மருத்துவர் சொன்னது முழுப் பொய் என்று நினைக்க வேண்டாம். முதுகில் இருக்கும் அந்தச் சின்னப் புள்ளிக்கு அவர் சொன்னது அப்படியே பொருந்தும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இமைக்குத்தான் அது பொருந்தாது. "தானாகப் போய்விடும்" என்பதிலும் ஒரு பாதி விட்டுப்போகிறது. நிறம் போய்விடும், வளர்ச்சியும் நின்றுவிடும். ஆனால் பெரிதாகப் புடைத்த கட்டி வடிந்த இடத்தில் தொய்ந்த தோலோ, கொழுப்புத் திரட்சியோ, மெல்லிய ரத்தக் கோடுகளோ தங்கிவிடுவது சாதாரணம். காத்திருந்ததற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். மருத்துவர் சொன்னதைத்தானே கேட்டீர்கள்? இன்னும் நேரம் இருக்கிறது.

ட்யூமர் என்ற வார்த்தை

ட்யூமர் என்றால் கட்டி, அவ்வளவுதான். செல்கள் பெருகி உண்டான கட்டி என்பதற்கு மேல் அந்த வார்த்தைக்குப் பொருள் இல்லை. உங்கள் மகளுக்கு இருப்பது புற்றுநோய் அல்ல, பின்னாளில் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் கட்டிகளில் மிகச் சாதாரணமானது இதுதான். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், பிறப்பு எடை குறைந்தவர்களுக்கும், இரட்டையர்களுக்கும் அதிகம். உங்கள் மகளுக்கு இதில் மூன்று பொருந்துகிறது. கிரகணம் இந்தப் பட்டியலில் இல்லை.

ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை இருப்பது ஒரு வகையில் நல்லதுதான். சிவப்பாக இருக்கும் எல்லாவற்றையும் ஹெமாஞ்சியோமா என்று எழுதும் பழக்கம் நீண்ட நாளாக இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. 1982-இல் பாஸ்டனில் ஜான் முல்லிகனும் ஜூலி குளோவாக்கியும் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். செல்கள் பெருகிப் பின் வடியும் கட்டிகள் ஒரு வகை. பிறவியிலேயே ரத்தநாளம் தவறாக அமைந்து, குழந்தையோடு சேர்ந்து வளர்ந்து, வடியாமலே நிற்பவை இன்னொரு வகை. மருந்தும் வேறு, போக்கும் வேறு. பிறந்தபோது வெளிறிய திட்டு, மூன்றாவது வாரம் புள்ளி, அப்புறம் வேகமான வளர்ச்சி என்ற உங்கள் மகளின் கதை முதல் வகைக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டியதில்லை.

கொழுந்தனார் படித்தது என்ன?

அவர் படித்தது தவறில்லை. வீட்டில் அதற்கு எடுத்துக்கொண்ட பொருள்தான் தவறு. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். மருந்து ஏன் இப்போதே தேவை என்பதும் இதிலேயே புரிந்துவிடும்.

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. ஒரு வீட்டில் தலைமுறையாக இருக்கும் சமையல் நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் இருக்கும் செல்லிடமும் அதே நோட்டு, கல்லீரல் செல்லிடமும் அதே நோட்டு. வேறுபாடு, இன்று எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துச் சமைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. மரபணு வெளிப்பாடு என்பது அந்தத் திறந்த பக்கம். வெளிப்பாடு மாறியிருக்கிறது என்றால், நோட்டில் எழுத்துப்பிழை இருக்கிறது என்றோ, அந்தப் பிழை அம்மா வீட்டிலிருந்தோ அப்பா வீட்டிலிருந்தோ வந்தது என்றோ பொருள் இல்லை. அந்த இமையில், ஒரு கைப்பிடிச் செல்கள், அந்த வயதில் திறந்திருக்கக் கூடாத பக்கத்தைத் திறந்து வைத்திருக்கின்றன.

எந்தப் பக்கம்? 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாலா நார்த் என்ற நோய்க்கூறியல் மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இதில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார்கள். இந்தக் கட்டியின் ரத்தநாளச் செல்களில் குளூட்-1 என்ற சர்க்கரை கடத்தும் புரதம் நிறைய இருக்கிறது. சாதாரணத் தோலின் ரத்தநாளங்களில் அது இல்லை. பிறவி அமைப்புக் கோளாறுகளிலும் இல்லை. ஆனால் நஞ்சுக்கொடியின் ரத்தநாளங்களில் இருக்கிறது! அடுத்த ஆண்டில் இதேபோல நஞ்சுக்கொடிக்கே உரிய வேறு சில அடையாளங்களையும் இந்தக் கட்டியில் காட்டினார்கள். நஞ்சுக்கொடியும் குறிப்பிட்ட காலம் வேகமாக வளர்ந்து, வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும் உறுப்பு. இந்தக் கட்டியும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அங்கிருந்து செல்கள் வந்து குடியேறினவா, இல்லை குழந்தையின் தோலில் இருந்த மூலச்செல்களே (வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை) அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டனவா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது.

நஞ்சுக்கொடி என்றதும் "அப்போ என் உடம்பிலிருந்துதானே" என்று உங்கள் மனம் போகும். வேண்டாம். நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி கருவின் செல்களால் ஆனது, அது குழந்தையுடைய உறுப்பு. நீங்கள் சாப்பிட்டதோ, சாப்பிடாமல் விட்டதோ, வெளியே போனதோ இதற்குக் காரணம் இல்லை.

அடுத்தது சமிக்ஞை. ரத்தநாளம் வளர வேண்டும் என்று செல்களுக்குச் செய்தி கொண்டுபோகும் புரதம் ஒன்று இருக்கிறது, பெயர் வி.இ.ஜி.எஃப். ஓரிடத்தில் ஆக்சிஜன் போதாமல் போனால் செல்கள் இதை அதிகமாகச் சுரக்கும், குளூட்-1-ஐயும் கூட்டும். பிறந்தபோது நீங்கள் பார்த்த அந்த வெளிறிய திட்டு நினைவிருக்கிறதா? கட்டி வருமுன் அந்த இடத்துக்கு ரத்தம் குறைவாகப் போனதன் அடையாளம் அது என்று நினைக்கப் பல காரணங்கள் உள்ளன.

இந்தச் செய்தியை வாங்க ரத்தநாளச் செல்லின் மேல் இரண்டு ஏற்பிகள் முக்கியம். இரண்டாவது ஏற்பி செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோய் "வளர்" என்று சொல்லும். முதல் ஏற்பி வி.இ.ஜி.எஃப்-ஐ இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், உள்ளே பெரிதாக எதுவும் சொல்லாது. உங்கள் ஊரில் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். பயிருக்குப் போகும் மதகு ஒன்று, மிகுதியை வெளியேற்றும் வடிகால் ஒன்று. வடிகால் தூர்ந்துபோனால், வாய்க்காலில் வழக்கமான தண்ணீர் வந்தாலும் வயல் மூழ்கும். 2008-இல் ஹார்வர்டில் பியோர்ன் ஓல்சனின் ஆய்வுக்குழு காட்டியது இதுதான்: ஹெமாஞ்சியோமாச் செல்களில் முதல் ஏற்பியின் மரபணு அடங்கிக் கிடக்கிறது, அதனால் இரண்டாவது ஏற்பி ஓயாமல் "வளர், வளர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அதே ஆண்டில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜாய்ஸ் பிஷாஃப்பின் ஆய்வுக்கூடத்தில், இந்தக் கட்டியிலிருந்து மூலச்செல்களைப் பிரித்தெடுத்து எலிகளில் வைத்துப் பார்த்தார்கள். அவை முதலில் குளூட்-1 உள்ள ரத்தநாளங்களாயின. அப்புறம் கொழுப்புச் செல்களாயின. ஒரு குழந்தையின் தோலில் நான்கைந்து வருடத்தில் நடக்கும் கதை அப்படியே எலியில் நடந்தது. வடிந்த கட்டியின் இடத்தில் மெத்தென்று கொழுப்பு தங்குவது ஏன் என்பதற்கும் அதில் விடை இருந்தது.

இவ்வளவும் ஏன் சொன்னேன் என்றால், இந்தச் சமிக்ஞைக்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. வளர்ச்சி மிக வேகமாக இருப்பது ஐந்தரை முதல் ஏழரை வாரம் வரை. ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலான வளர்ச்சி முடிந்துவிடும். முதல் பிறந்தநாளையொட்டி வடியத் தொடங்கி, நான்கு வயதுக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். மருந்து அந்தக் கூச்சலை அடக்க வேண்டுமானால், கூச்சல் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். அதனால்தான் 2019-இல் வந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், சிக்கலான இடத்தில் இருக்கும் கட்டிகளை ஒரு மாத வயதுக்குள்ளேயே நிபுணரிடம் காட்டச் சொல்கிறது. உங்கள் மகளுக்கு 12 வாரம். வேகமான கட்டம் போய்விட்டது, ஆனால் வளர்ச்சி நிற்கவில்லை. குறைமாதக் குழந்தை என்பதால் கொஞ்சம் கூடுதல் அவகாசம் இருக்கலாம், அதை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

"பிரஷர் மாத்திரையாச்சே"

மருந்துக்கடைக்காரர் சொன்னது உண்மை. ப்ரோப்ரனலால் 1960-களில் இதய நோய்க்காக வந்த மருந்து. இந்தக் கட்டிக்கு அது கேட்கும் என்று தெரிந்தது தற்செயலாக. பிரான்சில் போர்தோ நகரில், கட்டிக்காக ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கு இதயத் தசை தடித்துவிட்டது. அதற்கு ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் அடர்சிவப்பு ஊதாவாக மாறி, தொட்டால் மெத்தென்று ஆனது. தோல் மருத்துவர் கிறிஸ்டின் லியோத்தே-லாப்ரேஸ் அதைக் கவனித்து, மற்றக் குழந்தைகளிலும் பார்த்து, 2008-இல் வெளியிட்டார். 2015-இல் 460 குழந்தைகளை வைத்து வந்த ஆய்வில், ஆறு மாதம் முழு அளவில் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது. மருந்தில்லாத போலிக் கரைசல் பெற்றவர்களில் அது 4 சதவீதம். அமெரிக்காவில் 2014-இலேயே இந்த நோய்க்கென்று அனுமதி பெற்றுவிட்டது.

நான் பயிற்சியில் இருந்தது 2008-க்கு முந்தைய காலம். அப்போது இப்படி வரும் குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டுதான். கன்னம் உப்பி, எடை ஏறி, எரிச்சலோடு அழுதுகொண்டே இருப்பார்கள், தடுப்பூசியைத் தள்ளிவைப்போம், கட்டியும் பாதிதான் அடங்கும். அதைப் பார்த்த கண்ணுக்கு ப்ரோப்ரனலாலின் மதிப்பு தெரியும்.

இது எப்படி வேலை செய்கிறது? ரத்தநாளங்களைச் சுருக்குகிறது, வளர்ச்சிச் செய்தியைக் குறைக்கிறது. அண்மை ஆண்டுகளில் இன்னொன்றும் தெரிந்திருக்கிறது. ப்ரோப்ரனலால் மாத்திரையில் வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன. இதயத் துடிப்பைக் குறைப்பது அவற்றில் ஒன்றுதான். மற்றது, ரத்தநாள மரபணுக்களைத் திறந்துவிடும் சாக்ஸ்-18 என்ற புரதத்தைத் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். கொழுந்தனாரிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். ஒரு நாள் இதயத்தைத் தொடாத அந்தப் பாதியை மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. இன்று கையில் இருப்பது கலவைதான், ஆகவே இதயத்துக்கான கவனம் கட்டாயம் வேண்டும்.

அந்த இரண்டு நாள் அட்மிஷன் அந்தக் கவனத்துக்காகத்தான். ஆபத்தான மருந்து என்பதால் அல்ல. உங்கள் மகள் ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தவள், அதைக் கழித்தால் அவளுடைய வயது ஏழு வாரம்தான். இந்த வயதில் தொடங்கும்போது மருத்துவமனையில் வைத்துத் தொடங்குவது நல்ல வழக்கம். மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். இவ்வளவு யோசித்த மருத்துவரை நீங்கள் நம்பலாம்.

வீட்டுக்கு வந்தபின்

இந்த மருந்தில் நான் உண்மையில் பயப்படும் விஷயம் ஒன்றுதான்: குழந்தை பட்டினியாக இருக்கும்போது ரத்தச் சர்க்கரை இறங்குவது. மற்றவை இதற்குப் பின்னால்தான்.

*பால் முதலில், மருந்து அப்புறம்.* எப்போதும் இந்த வரிசைதான். இரவில் அசந்து தூங்குகிறாளே என்று விட்டுவிடாதீர்கள், இந்த வயதில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் பால் இல்லாமல் போகக் கூடாது. வாந்தி, பேதி, சளியால் பால் குடிக்காத நாள், மூச்சில் வீசிங் சத்தம் என்று எது இருந்தாலும் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. கொடுத்த மருந்தைக் கக்கிவிட்டால் திரும்பக் கொடுக்காதீர்கள்.

*அளவில் கவனம்.* குழந்தைகளுக்கான திரவ மருந்து எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் 10 மில்லிகிராம் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். தவறு நடப்பது இங்கேதான். 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் மருந்து. 5 மில்லியில் கரைத்துவிட்டால் அதே ஒரு மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது இரட்டிப்பு. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்முன் நர்ஸ் முன்னாலேயே நீங்கள் ஒரு தரம் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் காட்டுங்கள். சிரிஞ்சில் அந்தக் கோட்டுக்கு நேராக நகச்சாயம் வைத்துக்கொள்ளுங்கள். பாலாடையில் கண்ணளவாக ஊற்றுவது இந்த மருந்துக்கு ஆகாது. எடை கூடக்கூட அளவும் மாறும், அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

*எதற்கு ஓட வேண்டும்.* எழுப்பினாலும் எழாத தூக்கம், துவண்டுபோதல், குளிர்ந்த வியர்வை, வெளிறிப்போதல், மூச்சுத் திணறல். இதில் எது வந்தாலும் முடிந்தால் பால் கொடுத்துவிட்டு உடனே மருத்துவமனை. கை, கால் சில்லென்று இருப்பதும், தூக்கம் கலைவதும் பல குழந்தைகளுக்கு உண்டு, அவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

மருந்து குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வயது வரை போகும். கட்டி சுருங்கிவிட்டது என்று நீங்களாக இடையில் நிறுத்தினால் திரும்ப வளரலாம், சீக்கிரம் நிறுத்துபவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். தடுப்பூசிகளை நிறுத்த வேண்டியதில்லை. டிமோலால் சொட்டு மருந்தைத் தடவினால் போதாதா என்று யாராவது கேட்கலாம். மெல்லிய, தட்டையான கட்டிக்கு அது சரி, இவ்வளவு தடித்த இமைக்குப் போதாது. காவியும் பச்சிலையும் கண்ணருகே வேண்டவே வேண்டாம். பெரியவரிடம், "இது அக்கி இல்லை ஐயா, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

தோல் மருத்துவர் மட்டும் போதாது, குழந்தைகளுக்கான கண் மருத்துவரும் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, கண்ணின் பவரை அளப்பார்கள். தேவைப்பட்டால் நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடிவைக்கச் சொல்லலாம், வலது கண் பழக வேண்டும் என்பதற்காக. சென்னை எழும்பூரில் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையும் அரசு கண் மருத்துவமனையும் இருக்கின்றன, மதுரை அரவிந்தில் குழந்தைகள் கண் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு எது வசதியோ அங்கே போகலாம். ஸ்கேன் ரிப்போர்ட், சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. இரண்டாவது கருத்துக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

முதுகில் இருக்கும் புள்ளியைப் பற்றி ஒன்று. உடம்பு முழுதும் பார்த்து எண்ணுங்கள், தலைமுடிக்குள்ளும் சேர்த்து. ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரலுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். கல்லீரலில் நிறையக் கட்டிகள் இருந்தால், அவை தைராய்டு ஹார்மோனைச் சிதைக்கும் ஒரு நொதியை அளவுக்கு மீறி உண்டாக்கக்கூடும், அங்கேயும் திறக்கக் கூடாத ஒரு பக்கம் திறந்துகொண்டதுதான் காரணம். நீங்கள் எழுதியபடி இரண்டே இரண்டு என்றால் இது தேவையில்லை. முகத்தின் ஒரு பெரும் பகுதியைப் பட்டையாக அடைத்து வரும் கட்டிகளுக்கு மூளை ரத்தநாளத்துக்கும் இதயத்துக்கும் ஸ்கேன் வேண்டியிருக்கும், உங்கள் மகளுக்கு இருப்பது அந்த வகை இல்லை.

ஜீன் டெஸ்டும் அடுத்த குழந்தையும்

ஜீன் டெஸ்ட் வேண்டாம். அதற்கு வைத்திருக்கும் பணத்தைக் கண் மருத்துவரிடம் போய்வரச் செலவிடுங்கள். பரம்பரையாக இந்தக் கட்டி வரும் குடும்பங்கள் உலகில் மிகச் சில பதிவாகியிருக்கின்றன. நான் மேலே சொன்ன ஏற்பிச் சமிக்ஞையோடு தொடர்புள்ள மரபணுக்களில் சில நோயாளிகளுக்கு மாற்றங்களும் கண்டிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல், தனியாக வருவது. டெஸ்ட் எடுத்தாலும் சிகிச்சை மாறப் போவதில்லை.

கொழுந்தனார் ஜி.என்.ஏ.கியூ என்று ஒரு பெயரைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேறு நோய். பிறக்கும்போதே முழுதாக வளர்ந்து நிற்கும் பிறவி ஹெமாஞ்சியோமாவில் அந்த மரபணு மாற்றம் உண்டு, குளூட்-1 அதில் இருக்காது. அங்கேயும்கூட மாற்றம் கட்டியின் செல்களில் மட்டுமே இருக்கிறது. கருவில் வளரும்போது ஒரு செல்லில் நேர்ந்தது, பெற்றோர் கொடுத்தது இல்லை. ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் "யார் வீட்டு ஜீன்" என்ற கேள்விக்கு உங்கள் வீட்டில் இடமில்லை. மாமியாருக்கு இந்தப் பகுதியை மட்டும் கணவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிட மகன் சொன்னால் எடுத்துக்கொள்வார்.

அடுத்த குழந்தைக்கு இதற்காகப் பயப்பட வேண்டாம். அப்படியே வந்தாலும், மூன்றாவது வாரத்தில் புள்ளியைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு இப்போதே தெரியும்.

மருத்துவமனைக்குப் போகும்போது அந்த மூன்று படங்களையும் தேதியோடு காட்டுங்கள், வளர்ச்சி எவ்வளவு வேகம் என்பது அவற்றில்தான் தெரியும். இனி வாரம் ஒரு படம், ஒரே இடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். பஸ் பயணம் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளம்புமுன் ஒரு தரமும், மருத்துவமனை வாசலில் இறங்கியதும் ஒரு தரமும் பால் கொடுத்துவிடுங்கள்.